வேன் வண்டியிலேயே வசிப்பவர்கள் கழிப்பறையையும் குளியலையும் எப்படி அமைத்துக்கொள்வது?

வேனில் குடியேறப் போகிறவர் முதலில் தீர்க்க வேண்டியது கழிப்பறைதான். குளியலுக்கு மாற்று வழிகள் உண்டு. நாற்றத்துக்குப் பெரிய காரணம் சிறுநீரும் மலமும் கலப்பதே: மலத்திலுள்ள நுண்ணுயிரிகள் சிறுநீரின் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. ஆகவே இரண்டையும் தனித்தனிக் கலன்களில் சேர்க்கும் உலர் கழிப்பறையை வைத்து, மலத்தின் மேல் ஒவ்வொரு முறையும் மரத்தூளோ தென்னை நார்த்தூளோ தூவி, சிறு மின்விசிறியால் காற்றை வெளியேற்றினால், ரசாயனத் திரவம் இல்லாமலேயே சமாளிக்கலாம். சிறுநீர்க் கலனை நாள்தோறும் வெளியே உள்ள ஒரு கழிப்பறையில் கொட்டிக் கழுவ வேண்டும். ஓடையில் ஊற்றக் கூடாது.

அடுத்து, குளியலுக்கான நீர். ஒரு லிட்டர் நீரின் எடை 1 கிலோ என்பதால், 60 லிட்டர் தொட்டியைச் சுமப்பது கூடுதலாக ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம். கையால் காற்றழுத்தம் ஏற்றும் தோட்டத் தெளிப்பானில் (பூச்சிமருந்து படாத புதியதாக இருக்கட்டும்) வெதுவெதுப்பான நீரை நிரப்பி, உடல் நனைந்ததும் நிறுத்தி, சோப்புத் தேய்த்தபின் அலசினால், 4 அல்லது 5 லிட்டரில் குளியல் முடிந்துவிடும். தனிக் குளியலறை கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது இடத்தை விழுங்குவதோடு, காற்றோட்டம் குறைந்தால் ஈரம் பலகைகளுக்குப் பின்னால் தங்கிப் பூஞ்சையையும் துருவையும் வளர்க்கும். குளிக்க இயலாத நாளில் அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகியவற்றை ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலர்த்தினாலே போதும்.