கடன் வாங்கி ஏஐ வகுப்பா? மகள் டெஸ்டிங் படிக்கட்டும்

கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கும் மகளைக் கடன் வாங்கியாவது ஏஐ சான்றிதழ் வகுப்பில் சேர்க்கச் சொல்லி உறவினர்கள் நெருக்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கோ மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் டெஸ்டிங்தான் பிடித்திருக்கிறது. "கோடிங் வராதவர்கள் போகிற வேலை அது" என்கிறாராம் அவள் மாமா.

மாமா சொல்வது தவறு. கையால் க்ளிக் செய்து பார்ப்பதோடு நிற்பவர்களுக்கு வாய்ப்பு குறுகித்தான் வருகிறது. நான் சொல்வது ஆட்டோமேஷன் டெஸ்டிங். ஒரு வலைத்தளத்தைச் சோதிக்கும் நிரலை எழுதுவது. இதற்கு ஜாவாஸ்கிரிப்டோ பைத்தானோ, அதுபோன்ற ஒரு நிரல்மொழி உருப்படியாகத் தெரிந்தாக வேண்டும். அதில் சலுகை கிடையாது.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். 2004-இல் தொடங்கிய செலினியம், மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட ப்ளேரைட் ஆகிய ஆட்டோமேஷன் டெஸ்டிங் கருவிகள் இரண்டுமே இலவசம். நல்ல பாடங்கள் அவற்றின் தளங்களிலேயே இருக்கின்றன. சாதாரண லேப்டாப் போதும். இதற்காக ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காதீர்கள். ஏஐ வகுப்புக்கும்தான், பிடிக்காத படிப்பின் தவணையை அவள் தலையில் கட்டாதீர்கள்.

சரி, என்ன படிப்பாள்? லாகின் பக்கத்தில் தொடங்கட்டும். தவறான கடவுச்சொல்லைக் கொடுத்தால் பிழைச் செய்தி வருகிறதா என்று பார்க்கப் பத்து வரி போதும். ஆனால் அந்தப் பத்து வரியில் நிறைய இருக்கிறது. பட்டனை அதன் சிஎஸ்எஸ் கிளாஸை, அதாவது தோற்றத்தை அமைக்க நிரலில் வைக்கும் பெயரை, வைத்துத் தேடினால், டிசைன் மாறியதும் டெஸ்ட் உடையும். பயனர் பார்க்கும் பெயரை வைத்துத் தேடினால் பெரும்பாலும் தப்பிக்கும். "ஐந்து விநாடி காத்திரு" என்று எழுதினால் வேகமான கணினியில் நேரம் வீண், மெதுவான கணினியில் தோல்வி. ப்ளேரைட் பட்டன் தயாராகும்வரை தானே காத்திருக்கும்.

அடுத்து ஃப்ளேக்கி டெஸ்ட். நிரலில் ஒரு எழுத்துகூட மாறாமல் ஒருமுறை பாஸ், மறுமுறை ஃபெயில். பார்த்தால், பல சமயம் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு டெஸ்டுகள் ஒரே பயனர் கணக்கை மாற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு டெஸ்டும் தனக்கான கணக்கைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும். இதைத் துருவிக் கண்டுபிடிக்கிற பொறுமை எல்லோருக்கும் வராது.

ஏஐ டெஸ்ட் எழுதித் தருமே என்று கேட்பார்கள். தரும். ஆனால் எதையும் சரிபார்க்காத டெஸ்டும் பாஸ் என்று பச்சையாகத்தான் காட்டும். நிரலை வேண்டுமென்றே கெடுத்து, டெஸ்ட் சிவப்பாகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். தோழிகள் செய்த ப்ராஜெக்டில் நாளைய தேதியைப் பிறந்த தேதியாகக் கொடுத்தும் பதிவாகிறது என்று அவளே கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறீர்களே! யாரும் சொல்லாமல் அவள் புத்தி அங்கே போயிருக்கிறது. அதை மாமாவுக்காக மாற்ற வேண்டாம்.

டெஸ்டிங்குக்கான சர்வதேசச் சான்றிதழான ஐஎஸ்டிக்யூபியை நிறுவனம் கேட்டால் எழுதலாம். அடிப்படை நிலைக்குத் தானே படித்துத் தேர்வெழுத முடியும்.

இப்போது அதே ப்ராஜெக்டை எடுக்கச் சொல்லுங்கள். கணக்கீடுகளுக்கு, நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்ட் நிறைய, மென்பொருள்கள் தகவல் பரிமாறும் வழியைச் சோதிக்கும் ஏபிஐ டெஸ்ட் கொஞ்சம், ப்ரௌசரில் ஓடுபவை மெதுவானவை என்பதால் முக்கியமான சில மட்டும். அப்புறம் நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தின் தானியங்கி வசதியான கிட்ஹப் ஆக்ஷன்ஸில் இணைத்து, யார் நிரலை மாற்றினாலும் எல்லாம் தானாக ஓடும்படி செய்யட்டும். நேர்முகத் தேர்வில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, எந்த டெஸ்ட் எந்தப் பிழையைப் பிடித்தது என்று அவள் விளக்கட்டும்.