சி நூலகத்திற்கு வரும் பேட்ச்கள்: மொரீஷியஸ் வாசகர்களுக்குப் பதில்கள்

ரோஸ் ஹில் வாசகர்: ஐயா, சி மொழியின் அடிப்படைச் செயற்கூறுகளின் தொகுப்பான நிலையான சி நூலகத்திற்கு ஒரு பேட்ச், அதாவது நிரல் திருத்தம், வந்தால் எதை முதலில் பார்க்கிறீர்கள்? வேகத்தையா?

வேகத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். சி தரநிலை என்ன வாக்குறுதி அளிக்கிறது என்பது முதல் கேள்வி. ஏற்கெனவே கம்பைல் செய்யப்பட்ட (இயங்கு வடிவுக்கு மாற்றப்பட்ட) நிரல்கள் வழக்கத்தில் எதை நம்பியிருக்கின்றன என்பது அடுத்தது. இரண்டும் எப்போதும் ஒன்றல்ல. 2010இல், லினக்ஸில் பரவலாக உள்ள சி நூலகமான ஜிலிப்சியின் (glibc) மெம்காப்பி (memcpy) என்ற நினைவக நகல் செயற்கூறு வேகத்திற்காகப் பின்னிருந்து முன்னாக நகலெடுக்கத் தொடங்கியபோது, உலாவியில் காணொளி ஓட்டிய ஃபிளாஷ் பிளேயரின் ஒலி கெட்டது. ஒன்றன்மேல் ஒன்று படியும் நினைவகப் பகுதிகளுக்கு மெம்மூவ் (memmove) என்ற வேறொரு செயற்கூற்றைத்தான் அழைக்க வேண்டும் என்று தரநிலை சொல்வதால், பிழை பிளேயருடையதே. ஆயினும் பாதிக்கப்பட்டவர் பயனர். பின்னர் ஜிலிப்சியின் 2.14 பதிப்பில் மெம்காப்பிக்குப் புதிய குறியீட்டுப் பதிப்பு (பெயரோடு ஒட்டிய பதிப்பு எண்) கொடுத்து, முன்பே கம்பைல் செய்த பழைய பைனரிகளுக்குப் பழைய நடத்தையே கிடைக்கச் செய்தார்கள். நியாயம் நம் பக்கம் இருந்தாலும் இப்படி ஒரு வழி வேண்டியிருக்கிறது.

போர்ட் லூயிஸ் வாசகர்: ஜிலிப்சியின் நிரல்வரிகளை எடுத்து மற்றொரு சி நூலகமான மஸ்லுக்கு (musl) அனுப்பலாமா?

கூடாது. முன்னது, மாற்றிய நிரலையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் எல்ஜிபிஎல் உரிமத்திலும், பின்னது அப்படி நிபந்தனை இல்லாத எம்ஐடி உரிமத்திலும் வெளிவருகின்றன. மாறிகளின் பெயரை மாற்றினாலும் விடை அதுவே.

குவாத்ர் போர்ன் வாசகர்: நம் நாட்டில் கோடைநேர மாற்றம் இல்லை, எப்போதும் உலகப் பொது நேரமான யுடிசியைவிட நான்கு மணி முன்னே இருக்கிறோம். நேரத்தை உள்ளூர் மணியாக மாற்றும் லோக்கல்டைம் (localtime) செயற்கூற்றின் பேட்ச்சைச் சோதிக்க நம் மண்டலமே எளிதல்லவா?

'எப்போதும்' என்ற சொல்தான் தவறு. 2008 அக்டோபர் 26 முதல் 2009 மார்ச் 29 வரை நாம் ஐந்து மணிக் கணக்கில் வாழ்ந்தோம்; அவ்வாண்டுத் தைப்பூசக் காவடியும் அந்தக் கணக்கில்தான் எடுத்தோம். இன்றைய இடைவெளியைப் பழைய நாள்களுக்கும் பூசிவிடும் பேட்ச், 2009 ஜனவரித் தேதி ஒன்றைக் கொடுத்தவுடனே பிடிபடும். அந்த மார்ச் 29 அன்று இரண்டு மணி ஆனதும் கடிகாரம் ஒரு மணிக்குத் திரும்பியதால் ஒன்றரை மணி இருமுறை வந்தது; உள்ளூர் மணியை நேர எண்ணாக மாற்றும் எம்கேடைம் (mktime) எந்த ஒன்றரையைத் தேர்கிறது, கோடைநேரமா இல்லையா என்று சொல்லும் கொடியின் மதிப்பை மதிக்கிறதா என்பதையும் பார்ப்பேன். ஆகவே நம் மண்டலம் எளிதன்று, நல்ல பொறி.

அதே வாசகர்: நம் ரூபாய் நோட்டில் தமிழ் எண்கள் இருக்கின்றன. ஓர் எழுத்து இலக்கமா என்று சொல்லும் இஸ்டிஜிட் (isdigit) அவற்றை ஏற்க ஒரு பேட்ச் எழுதலாமா?

எனக்கும் ஆசைதான்; ஆனால் மறுப்பேன். 0 முதல் 9 வரையிலான பத்துக் குறிகளை மட்டுமே தரநிலை இலக்கம் என்கிறது. மேலும், இஸ்டிஜிட் ஒரு பைட்டைத்தான் பார்க்கும். எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் ஐந்தான '௫' மூன்று பைட்டுகள். ஒரு பைட்டில் அடங்காத 'அகன்ற' எழுத்துகளுக்கான இஸ்வ்டிஜிட்டுக்கும் (iswdigit) அதே பத்துக் குறிகள்தாம். அது 'ஆம்' என்றதும் '0'இன் குறியெண்ணைக் கழித்து மதிப்பைப் பெறும் நிரல்கள் ஏராளம். அவற்றுள் '௫' நுழைந்தால் மூவாயிரத்துச் சொச்சம் கிடைக்கும். தமிழ் எண்களைப் படிக்கும் செயற்கூற்றை உங்கள் செயலியிலேயே எழுதுங்கள். யூனிகோடில் ௦ முதல் ௯ வரை வரிசையாகவே இருப்பதால் அங்கும் ஒரு கழித்தல் போதும்.