தோற்றுக்கொண்டே இருக்கும் ஊர் கால்பந்து கிளப்பை எப்படி நிமிர்த்துவது?

கேள்வி இது: கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு கிளப். மூன்று வருடம் முன்பு லீகில் மேலே இருந்தது, இப்போது கடைசிக்கு ஒரு படி மேல். வெளியிலிருந்து காசு கொடுத்து ஒரு நல்ல ஃபார்வர்டைக் (கோல் அடிக்கும் முன்வரிசை ஆளை) கூட்டிவந்தால் சரியாகுமா?

இப்போதைக்கு வேண்டாம். அந்தக் காசில் முதலில் ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். எதிரணியிடம் வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் ஒரு வரி: எத்தனையாவது நிமிஷம், கார்னரா, த்ரோவா, பேக் (தடுக்கும் பின்வரிசை ஆள்) தலைக்கு மேல் வந்த நீளப் பந்தா, நம்ம ஆளே நடுவில் பறிகொடுத்ததா. ஆறு ஆட்டம் எழுதினாலே போதும், நோய் தெரிந்துவிடும். கோல் எல்லாம் 65-ஆவது நிமிஷத்துக்கு மேல் விழுந்தால் அது மூச்சுப் பிரச்சினை, அல்லது மாற்று ஆள் இல்லாத பிரச்சினை. முதல் அரைமணியிலேயே நீளப் பந்தில் விழுந்தால் பேக் வரிசைதான் காரணம்.

நம்ம கடற்கரை டீம்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது வியாதிதான். வாரக்கடைசி செவன்ஸ் (ஏழு பேர் ஆட்டம்) டோர்னமெண்டில் பெரும்பாலும் ஆஃப்சைடு (பந்து வரும்போது ஃபார்வர்டு கடைசி பேக்கைத் தாண்டி நிற்கக்கூடாது என்ற விதி) கிடையாது, கிரவுண்டும் சின்னது. அதனால் ஸ்டாப்பர் (நடு பேக்) கோலிக்கு முன்னாலேயே நின்று பழகிவிடுகிறார். அதே ஆள் பதினொரு பேர் ஆட்டத்துக்கு வந்தால், மற்ற மூன்று பேக்கும் ஏறும்போது அவர் மட்டும் பின்னால் நிற்பார். எதிரணி ஃபார்வர்டு சும்மா நின்றாலே ஆன்சைடு. பேக்குக்கும் ஹாஃபுக்கும் (நடுவரிசைக்கும்) நடுவே ஒரு மினிபஸ்ஸைத் திருப்பும் அளவுக்கு இடம் கிடக்கும். இந்த நிலையில் முன்னால் யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் 4-2 தோல்வி 4-3 தோல்வி ஆகும், அவ்வளவுதான்.

இதற்குக் கயிறு பயிற்சி நன்றாக வேலை செய்யும். தலா 8 மீட்டரில் மூன்று நைலான் கயிறு. நான்கு பேக்கும் வரிசையாக நின்று, பக்கத்து ஆளோடு ஒரு கயிற்றைக் கையில் பிடிக்கவேண்டும். இடுப்பில் கட்டாதீர்கள், ஒருவர் விழுந்தால் நால்வரும் விழுவார்கள். எதிரே ஒருவர் பந்தோடு நிற்பார். அவர் வலது பக்கம் போனால் வரிசை முழுக்க அந்தப் பக்கம் சாயணும். பந்தைப் பின்னால் தட்டினால் நால்வரும் ஐந்தடி ஏறணும். தூக்கி அடிக்கக் காலை ஓங்கினால் இறங்கணும். கயிறு விறைத்தால் இடைவெளி அதிகம், தரையில் புரண்டால் ஒட்டி நிற்கிறார்கள் என்று அர்த்தம். முதல் ஐந்து நிமிஷம் நடை, பிறகு பத்து நிமிஷம் ஓட்டம், வாரத்துக்கு இரண்டு நாள். யார் கையிலிருந்து கயிறு பிடுங்கிக்கொண்டு போகிறதோ, பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஆளைப் பார்க்காமல் நிற்பவர் அவர்தான். மூன்று கயிறும் சேர்ந்து 24 மீட்டர், கிரவுண்டு அகலமோ 64 மீட்டர் இருக்கும், மறுபக்க விங் காலியாகத்தான் கிடக்கும். கிடக்கட்டும். அங்கே போகும் பந்து காற்றில் இருக்கிற நேரத்துக்குள் வரிசை நகர்ந்துவிடலாம்.

அடுத்தது ஆள் கணக்கு. விசைப்படகுக்குப் போகிற பையன்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கரையில் இருப்பார்கள். அப்போது பிராக்டிஸுக்கு 22 பேர் வருவார்கள், டீம் பறக்கும். ஜூன் 15-க்குப் பிறகு தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்புப் பையன்கள் கடலில், சிப்காட் பையன்கள் ஷிஃப்டில். சனிக்கிழமை கிரவுண்டுக்கு ஒன்பது பேர் வருவார்கள். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டமே நடத்தக்கூடாது என்பது விதி. கிளப் ஏறி இறங்குவதாகத் தெரிவதில் பாதி இந்தக் காலண்டர்தான். மாத ஆரம்பத்திலேயே ஷிஃப்ட் சார்ட்டையும் மேட்ச் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பெயர் எழுதுங்கள். கோலிக்கும் இரண்டு. கோலிக்கு மாற்று ஆள் இல்லாத டீம்தான் அதிகம்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கிரவுண்டில் தண்ணீர் நிற்கும். பீச்சுக்குப் போகலாம், ஓட்டத்துக்கு மட்டும், 30 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மணலில் பாஸ் பழகினால் கட்டாந்தரைக்கு வந்ததும் எல்லாப் பந்தும் ஓங்கிப் போகும்.

கிரவுண்டுக் கோடு போட சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டால் கண்ணையும் தோலையும் வேகவைக்கும். கோலமாவு போதும். முழு கிரவுண்டுக்கு ஏறத்தாழ 700 மீட்டர் கோடு வரும், அதற்குத் தகுந்தபடி மூட்டை வாங்குங்கள்.

மேலே இருந்த கிளப் ஏன் விழுந்தது என்றால், அந்த வருடம் ஜெயித்தது ஒரே வயசு நான்கைந்து பையன்களாக இருக்கும். ஒருவர் போலீஸ் வேலை, ஒருவர் சென்னை, ஒருவருக்குக் கல்யாணம். கீழே அடுத்த செட் இல்லை. பெரிய இடத்திலும் விழுவது உண்டு: 2017-18-இல் ஐ.எஸ்.எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வாங்கிய சென்னையின் எஃப்சி அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் 9 புள்ளியோடு கடைசி இடம். அதற்கடுத்த சீசன் நடுவில் பயிற்சியாளரை மாற்றி இறுதிப்போட்டி வரை போனார்கள். அவர்களால் ஆளை வாங்க முடியும், நம்மால் வளர்க்கத்தான் முடியும். 12 வயசுக்குட்பட்டவர்களுக்கு 4-ஆம் நம்பர் பந்து கொடுங்கள், 5-ஆம் நம்பர் அவர்கள் காலுக்குக் கனம். பெண் பிள்ளைகளையும் சேருங்கள். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர்தான். இங்குள்ள இந்திரா காந்தி அகாடமி பெண்கள் அணி 2018-இல் இந்தியப் பெண்கள் லீகில் ஆடியது.

காசு விஷயம் சுருக்கமாக: செவன்ஸில் வரும் பிரைஸ் பணத்தில் பாதி முதலில் கிளப் உண்டியலுக்கு, மீதிதான் பங்கு. இதைப் போட்டிக்கு முன்பே பேசிவிடுங்கள், கையில் பணம் வந்தபின் பேசினால் சண்டை.

ஆறு ஆட்டம் கழித்து நோட்டைத் திரும்பப் பாருங்கள். ஆட்டத்துக்கு ஒரு கோலுக்குமேல் வாங்கவில்லை, ஆனாலும் 0-1, 0-0 என்றே போகிறது என்றால் அப்போது ஃபார்வர்டைத் தேடுங்கள். பணம் கொடுக்குமுன் அவருடைய சி.ஆர்.எஸ் பதிவு (அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஆன்லைன் ஆட்டக்காரர் பதிவு) எந்த கிளப்பில் இருக்கிறது என்று பாருங்கள். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில் பக்கத்துப் பையன்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஆடுவார்கள். கடலூர் தமிழ்நாடு சங்கத்தின் கீழ், புதுச்சேரிக்குத் தனிச் சங்கம். அங்கே பதிவானவரை டிரான்ஸ்ஃபர் முடிக்காமல் இங்கே இறக்கி, எதிரணி புகார் கொடுத்தால், ஜெயித்த ஆட்டமும் கையைவிட்டுப் போகும்.