ஒரு பென்சில் முகம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர் வரைந்த ஒரு பெண்ணின் பென்சில் ஓவியத்தை இணைத்திருக்கிறேன். முகம் முழுமையாக இருக்கிறது. கூந்தலும் தோளும் சில கோடுகளோடு நின்றுவிட்டன. பார்த்தவர்களில் பலர் ‘இன்னும் முடிக்கவில்லையே’ என்கிறார்கள். எனக்கோ அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டதாகத் தோன்றுகிறது. இதை எப்படி ரசிப்பது?

எம்.

அன்புள்ள எம்.,

ஓவியம் முடிந்துதான் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் ஆங்ர், 1815க்குப் பின் ரோமில் வருமானத்துக்காகப் பயணிகளைப் பென்சிலில் வரைந்தபோது, முகத்தை மிக நுணுக்கமாகத் தீட்டிவிட்டு ஆடையை மெல்லிய கோடுகளில் கோடிகாட்டி நிறுத்தினார். பார்ப்பவரின் கண் வேறெங்கும் அலையாமல் முகத்திலேயே தங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் நண்பரும் அந்த வழியில்தான் போயிருக்கிறார்.

நீங்கள் உணர்ந்த அந்த ‘அடக்கிக்கொண்ட சொல்’ எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். உதடுகளை அழுத்தமான கோட்டால் வளைக்காமல், இரண்டும் சேரும் இடத்தை மட்டும் கருமையாக்கி, ஓரங்களை நிழலில் கரையவிட்டிருக்கிறார். ஆகவே அந்த வாய் சிரிக்கப் போகிறதா, இறுகப் போகிறதா என்று நம்மால் தீர்மானிக்க முடிவதில்லை. கீழிமையின் ஈர விளிம்பும் கருவிழியில் தெரியும் ஒளிப்புள்ளியும் பென்சில் படாத வெறும் காகிதம். பென்சிலின் கரும்பொருளான கிராஃபைட்டில் வெள்ளை கிடையாது என்பதால், ஒளி வேண்டிய இடத்தை முன்கூட்டியே நினைத்துக் காப்பாற்றியாக வேண்டும். அதை இவ்வளவு நிதானமாகச் செய்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

புகைப்படம் போல இருக்கிறது என்பதைப் பெரிய பாராட்டாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் 1514இல் ஜெர்மன் ஓவியர் ட்யூரர் தம் தாயைக் கரித்துண்டால் வரைந்த படத்தில், துருத்திய கன்ன எலும்பும் நெற்றிச் சுருக்கங்களும் ஒன்றோடொன்று சேராத பார்வையும் சில வேகமான கோடுகளிலேயே வந்துவிடுகின்றன. அந்த அம்மாள் இரண்டே மாதங்களில் இறந்துபோனார் என்று அறியாதவர்களையும் அந்த முகம் நிறுத்திவிடும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தாடைக்குக் கீழே நிழலை அளவுக்கு மீறித் தேய்த்திருக்கிறார். காகிதத்தின் சொரசொரப்பு மறைந்து, கிராஃபைட் பளபளத்து, அந்த இடம் கருமைக்குப் பதிலாகச் சாம்பலாகத் தெரிகிறது. அடுத்த படத்தில் அங்கே 4பி அல்லது 6பி போன்ற மென்மையான, கருமை கூடிய பென்சிலை எடுத்து, விரலால் தேய்க்காமல் கோடுகளாகவே விட்டுவிடச் சொல்லுங்கள்.