பிரிட்ஜ் மேல் இருக்கும் கவர்கள்

கேள்வி: நான்கு வருடத்துக்கு முன் வேலை போனபோது கிரெடிட் கார்டு பாக்கி 1,12,000 ரூபாயில் நின்றுவிட்டது. அதன்பின் ஒரு பைசா கட்டவில்லை. இப்போது நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு நிறுவனம், வங்கியிடமிருந்து என் கடனை வாங்கிவிட்டதாகச் சொல்லி 3,86,000 ரூபாய் கேட்கிறது. போனில் பேசுகிறவர், "இன்றைக்கே 5,000 ஜிபே பண்ணுங்க, 90,000-க்கு முடிச்சுத் தர்றேன்" என்கிறார். அவர்களிடம் நான் கடனே வாங்கவில்லை. என்னைக் கேட்காமல் விற்றது செல்லுமா? நான் ஏன் கட்ட வேண்டும்? கடிதங்கள் எல்லாம் ஊரில் அப்பா வீட்டுக்குத்தான் போகின்றன. பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அம்மா அப்படியே பிரிட்ஜ் மேல் அடுக்கி வைத்திருக்கிறார்.

பதில்: செல்லும் தம்பி. கார்டு வாங்கியபோது நீங்கள் படிக்காமல் ஒப்புக்கொண்ட விதிமுறைகளிலேயே அதற்கு இடம் இருந்திருக்கும். வங்கிகள் கடனைக் கைமாற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. உங்கள் சம்மதம் தேவையில்லை. "ரைட் ஆஃப்" ஆகிவிட்டதே என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். அது வங்கி தன் கணக்குப் புத்தகத்துக்காகச் செய்துகொள்வது, உங்களுக்குத் தள்ளுபடி அல்ல.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். நான் பேச நினைப்பது நீங்கள் கேட்காமல் விட்ட அந்தக் கடைசி வரியைப் பற்றி.

பிரிட்ஜ் மேல் எத்தனை கவர் இருக்கிறது? அதில் போஸ்ட்மேனிடம் அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கியவை எத்தனை? தெரியாது, இல்லையா? உங்கள் வழக்கு முழுதும் அங்கேதான் இருக்கிறது. கடன் கைமாறியதைச் சொல்லும் நோட்டீஸ் அதில் இருக்கலாம். வக்கீல் நோட்டீஸ் இருக்கலாம். 'ஆர்பிட்ரேஷன்' (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்ப்புச் சொல்வது) என்று தலைப்பிட்ட கடிதம் இருக்கலாம், கோர்ட் சம்மனே இருக்கலாம். பிரிக்காத கடிதம் வராத கடிதம் ஆகாது. நீங்கள் வீட்டில் இல்லாதபோது வயது வந்த குடும்பத்தினர் சம்மன் வாங்கினால், உங்களிடமே கொடுத்ததாகக் கோர்ட் எடுத்துக்கொள்ள சிவில் நடைமுறைச் சட்டத்தில் இடம் உண்டு. நீங்கள் போகவில்லை என்றால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். ஆர்பிட்ரேஷன் தீர்ப்பை எதிர்க்க மூன்று மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அந்த நாட்கள் பிரிட்ஜ் மேலேயே ஓடி முடிந்திருந்தால், தீர்ப்பை நிறைவேற்ற எதிர்த்தரப்புக்கு 12 வருடம் இருக்கிறது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட்டு மற்றதை ஜப்தி செய்யலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்டைத் தேய்த்தது நீங்கள். ஒவ்வொரு கவருக்கும் கையெழுத்துப் போட்டு, இதில் என்ன இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே பால் பாக்கெட்டை எடுத்து வைப்பது அம்மா. வாசலில் பைக் நின்றால் எட்டிப் பார்ப்பது அப்பா. பிள்ளை கடன்பட்டதைப் பெற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். எவ்வளவு, யாருக்கு, என்ன ஆகும் என்று சொல்லாமல் அவர்களைக் காவல் வைத்தது சரியில்லை. "பிரிக்காதே" என்று சொல்லத் தெரிந்தவருக்கு ஊருக்கு ஒரு பஸ் ஏறத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வாரமே போங்கள். அப்பா அம்மாவை உட்கார வைத்து, கவர்களைத் தபால் முத்திரைத் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். கவரை எறியாமல் கடிதத்தோடு சேர்த்துப் பின் அடியுங்கள், தேதிக்கு அதுதான் சாட்சி. கோர்ட், ஆர்பிட்ரேஷன் கடிதம் எது இருந்தாலும் மறுநாளே வக்கீலிடம். அப்பாவுக்கு இரண்டு விஷயம் தெளிவாகச் சொல்லுங்கள்: அவர் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை இந்தக் கடனுக்குப் பொறுப்பில்லை. கார்டு கடன் அடமானம் இல்லாதது, வீடு முழுக்க அவருடையது என்றால் இந்தக் கடனுக்காக அதை யாரும் ஏலம் விட முடியாது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது, குடும்பத்தாரை மிரட்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொன்னது, கடனை வாங்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

அடுத்து, கேட்பவர் உண்மையிலேயே உங்கள் கடனின் சொந்தக்காரரா என்று பாருங்கள். விற்றுவிட்டோம் என்று வங்கி கையெழுத்திட்டு அனுப்பிய கடிதம், வாங்கியவரின் பெயர், விலாசத்தோடு அந்த அடுக்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வங்கிக்கு மெயில் போடுங்கள்: எந்தத் தேதியில், யாருக்கு, எவ்வளவு பாக்கியோடு விற்றீர்கள்? நிறுவனத்தின் பெயர் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் உள்ள பதிவுப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். போனில் பேசுகிறவர் அனுப்பும் வாட்ஸப் பிடிஎஃப் ஆதாரம் ஆகாது.

பிறகு 3,86,000-க்குக் கணக்குக் கேளுங்கள். அசல், வட்டி, தாமதக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனியாக, மாதவாரியாக வேண்டும். கட்டாமல் நின்ற கட்டணங்களையும் வரியையும் அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. தொகை இப்படி வீங்குவதில் பாதிக் கதை அங்கேதான் இருக்கும். வங்கியிடம் நீங்கள் சொல்லியிருக்கக்கூடிய ஆட்சேபம் எதையும் வாங்கியவரிடமும் சொல்லலாம். விற்றதால் அந்த உரிமை போய்விடாது.

அந்த 5,000 ரூபாயை அனுப்பாதீர்கள். ஏஜென்ட் நம்பருக்கு ஜிபே செய்தது கணக்கில் ஏறியதா என்று பின்னால் நிரூபிக்க முடியாமல் தவிப்பீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல் காலக்கெடு. இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம். அதற்குள் ஒரு பகுதியைக் கட்டி அதற்கு உங்கள் எழுத்து இருந்தாலோ, கடனைக் கையெழுத்திட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ மூன்று வருடம் புதிதாக ஆரம்பிக்கும். காலக்கெடு முடிந்த பிறகுகூட "கட்டுகிறேன்" என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி அது புது ஒப்பந்தமாகிவிடும். நான்கு வருடம் என்கிறீர்கள், தேதிகளை வக்கீல் பார்த்துச் சொல்லட்டும். காலக்கெடு முடிந்திருந்தால் அதைப் பேரத்துக்குப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. அதைச் சாக்கு வைத்து 1,12,000-ஐயும் விழுங்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். செலவு செய்த பணம் அது. அசலையாவது கட்டுவதுதான் நியாயம் என்பேன்.

90,000-க்கு முடிப்பதென்றால் முதலில் கடிதம், பிறகு பணம். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் கார்டு கணக்கு எண், தொகை, கடைசித் தேதி, இதோடு முழுப் பாக்கியும் தீர்ந்தது என்ற வாசகம் எல்லாம் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். தவணை கேட்டு, வரப்போகும் தேதி போட்ட செக் கொடுக்காதீர்கள். கார்டு பாக்கி சிவில் விவகாரம், செக் திரும்பினால் கிரிமினல் வழக்கு. கட்டிய கையோடு, பாக்கி எதுவும் இல்லை என்ற 'நோ டியூஸ்' சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். குறைத்துக் கட்டினால் கிரெடிட் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்றுதான் விழும், 'க்ளோஸ்டு' என்று விழாது. அதற்குத் தயாராக இருங்கள்.

ஒன்றரை மாதம் கழித்து ரிப்போர்ட்டை எடுங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். ஒரே கடன் வங்கி பெயரில் ஒரு முறை, வாங்கியவர் பெயரில் ஒரு முறை என்று இரண்டு பாக்கியாக நிற்பது அடிக்கடி நடக்கிற கோளாறு. வங்கி பெயரில் உள்ள பதிவில் விற்கப்பட்டதாகக் காட்டி, பாக்கி பூஜ்யமாக இருக்க வேண்டும். தவறு இருந்தால் புகார் போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 100 ரூபாய் தர வேண்டும், அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம்.

ஊரிலிருந்து திரும்பும் முன் ஒரு வேலை பாக்கி. வங்கிக்கும் அந்த நிறுவனத்துக்கும் உங்கள் இப்போதைய விலாசத்தை எழுதி, இனி எல்லாக் கடிதமும் அங்கேதான் வர வேண்டும், அப்பாவின் போன் நம்பரை நீக்க வேண்டும் என்று ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரசீதை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள்.