பதில்: கல்லணை அலுமினியப் படம், ஓரத்தில் வெள்ளைப் பூப்பு

கும்பகோணம் வீடு, பழைய சுண்ணாம்புச் சுவர், கல்லணைப் படம் அச்சிட்ட 24×36 அங்குல அலுமினியத் தகடு, ஓரமெல்லாம் வெள்ளை, ஒரு திருகாணி ஆட்டம் என்று எழுதியிருந்தீர்கள். அச்சின் மேல் பழி போட வேண்டாம் சார். ஈரத்தோடு சேர்ந்த சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும். முன்பக்கம் பூச்சு காக்கும். வெட்டிய விளிம்பு வெறும் உலோகம்தானே, அங்கேதான் பூக்கும்.

கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, நன்கு காயவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், மைப்பூச்சு உரியும். விளிம்பில் மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் நிறமில்லாத அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு கோட்.

1 மி.மீ. தகடென்றால் எடை ஒன்றரைக் கிலோதான். ஆனால் சுண்ணாம்புப் பூச்சில் திருகாணியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் நிற்காது. டிரில்லைச் சுத்தியல் முறையில் ஓட்டாமல், பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் 40 மி.மீ. போங்கள். பித்தளைத் திருகாணி கூடாது, ஈரத்தில் அலுமினியத்தை அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ், நைலான் வாஷரோடு. பின்னால் அரை அங்குல பிளாஸ்டிக் குழாய்த் துண்டு வைத்தால் காற்றோடும். தரையிலிருந்து ஓதம் ஏறும் சுவரென்றால் இடத்தையே மாற்றுங்கள்.

படத்தடியில் 'ஆர்தர் காட்டன், 1836' என்றிருக்கிறதாமே! அது ஆங்கிலேயப் பொறியாளர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணைக்கு உரியது. கல்லணை கரிகாலன் பேரில் வழங்குவது. அச்சிட்டவரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள்.