புழுக்கத்தில் கறவை குறைகிறது, இடிமழை அறிவிப்பும் வருகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: எங்களுக்குக் கள்ளிக்குடி பக்கம் கரிசல் காடு. இரண்டு ஜெர்சி கலப்பின மாடும் நாலு வெள்ளாடும் வைத்திருக்கிறோம். ஒரு மாடு கன்று போட்டு இரண்டு மாதம் ஆகிறது. நேரத்துக்கு ஏழு லிட்டர் கறந்தது, இப்போது ஐந்துதான். சங்கத்தில் பால் சத்தும் குறைவு என்கிறார்கள். தகரக் கொட்டகையில் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, மத்தியானம் தண்ணீர் தெளித்தும் மூச்சிரைப்பு அடங்கவில்லை. கடலோர மாவட்டங்களில் வெப்பமும் ஈரப்பதமும் கூடும், இடிமழைக்கு வாய்ப்பு என்று ரேடியோவில் சொல்கிறார்கள். நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? தீவனத்துக்குப் போட்ட சோளம் கிணறு வற்றியதால் முழங்காலுக்குக் கீழேயே வாடி நிற்கிறது. மழை பெய்து துளிர்த்தால் அறுத்துப் போடலாமா?

பதில்: அண்ணே, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மழை முந்திக்கொள்ளக் கூடாது. அந்தச் சோளத்தை அறுக்காதீர்கள், மாட்டை உள்ளே விடவும் வேண்டாம். காரணம் பின்னால் சொல்கிறேன்.

கடல் நமக்கு எண்பது, நூறு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் பிற்பகலுக்கு மேல் வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்நோக்கி நகரும். காய்ந்த கரிசல் மேல் கொதித்து எழும் காற்றோடு அது சேரும்போதுதான் நம் பக்கம் மேகம் கோபுரமாகக் கட்டி, சாயங்காலம் இடியோடு கோடை மழை இறங்குகிறது. அதற்கு முன்னால் காற்றே அசையாமல் ஓர் இறுக்கம் வரும் பாருங்கள், அதுதான் மாட்டுக்குப் பொல்லாத நேரம். அதனால் கடலோர அறிவிப்பை ராமநாதபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் சொன்னதாக நினைத்து விட்டுவிடாதீர்கள்.

வெயில் எத்தனை டிகிரி என்பது மட்டும் மாட்டுக்குக் கணக்கில்லை. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்கும் குறியீடு ஒன்று உண்டு. அது 72-ஐத் தாண்டினாலே கலப்பின மாட்டில் பால் குறையத் தொடங்கும். 38 டிகிரி வெயில், 40 சதவீத ஈரப்பதம் என்றால் குறியீடு ஏறத்தாழ 86. வெயில் 32 டிகிரிக்கு இறங்கி ஈரப்பதம் 80 சதவீதம் ஆனாலும் அதே 86 தான். மேகம் மூடி வெயில் தணிந்த நாளிலும் மாடு ஏன் இரைக்கிறது என்பது இதில் புரியும்.

மாட்டுக்கு நம்மைப் போல வியர்வை கொட்டாது. மூச்சு வழியாகவும், தோலில் உள்ள ஈரம் உலர்வதன் வழியாகவும்தான் சூட்டை வெளியேற்றும். மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி எப்படிக் காயாதோ, அப்படித்தான் புழுக்கத்தில் மாட்டின் மேல் உள்ள ஈரமும். நீங்கள் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, மூடின கொட்டகைக்குள் தண்ணீரும் தெளிப்பதால் உள்ளே ஆவிதான் கூடுகிறது. வறண்ட வெயிலில், காற்று வீசும் நாளில் அந்தச் சாக்கு நல்ல வேலை செய்யும். இறுக்கமான நாளில் அதுவே காற்றை அடைக்கிறது. முதலில் சாக்கைச் சுருட்டிக் கட்டுங்கள். பக்கச் சுவர் ஆள் உயரத்துக்கு இருந்தால் மேல்பாதியையாவது திறந்துவிடுங்கள். தகரத்தின் மேல் தென்னங்கீற்று போட்டுக் கயிறு வைத்து இறுக்கிக் கட்டுங்கள். அப்புறம் பூப்போலத் தெளிக்காமல், ஓஸ் குழாயை வைத்து முதுகிலிருந்து விலா வரை தோல் நனைய ஊற்றிவிட்டு மின்விசிறிக் காற்றை நேராக மாட்டின் மேல் விடுங்கள். ஈரம் உலர்ந்ததும் மறுபடி நனையுங்கள். ஊற்றுவதைவிட உலர வைப்பதில்தான் குளிர்ச்சி இருக்கிறது. விசிறியும் ஒயரும் தண்ணீர் படாத உயரத்தில் இருக்கட்டும்.

பலன் தெரிகிறதா என்று நீங்களே பார்க்கலாம். மாட்டின் இடது பக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளி நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் தெரியும். ஒரு மூச்சுக்கு ஒரு தடவை அது ஏறி இறங்கும். கடிகாரம் பார்த்து 15 விநாடி எண்ணி, நாலால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் மாடு தவிக்கிறது என்று அர்த்தம். 80-க்கு மேலே போய், வாயைத் திறந்து நாக்கை நீட்டி, எச்சில் நூலாக வடிந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் காற்றும் கொடுங்கள், டாக்டருக்கும் சொல்லுங்கள். நனைத்துக் காற்று விட்ட பிறகு இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

பால் சத்து குறைவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இரைக்கிற மாடு தட்டையையும் (காய்ந்த சோளத் தண்டு) வைக்கோலையும் ஒதுக்கிவிட்டு, கலப்புத் தீவனத்தை மட்டும் தின்னும். எச்சிலும் வீணாக வடிந்துவிடும். எச்சில் உள்ளே போகாவிட்டால் வயிற்றில் புளிப்பு ஏறும், பாலில் கொழுப்பு இறங்கும். தின்ற தீவனம் செரிக்கும்போது எழும் சூடு மூன்று நாலு மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். காலை ஒன்பது மணிக்குத் தீனி போட்டால் அந்தச் சூடும் உச்சி வெயிலும் ஒன்று சேர்ந்துகொள்ளும். ஆகவே விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு பங்கு, பெரும்பங்கை இரவு ஏழு மணிக்கு மேல் போடுங்கள். கலப்புத் தீவனத்தை மூன்று நாலு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தாது உப்புக் கலவை 50 கிராம், சாதா உப்பு 30 கிராம், ஆப்ப சோடா 50 கிராம் எனத் தினமும் தீவனத்தில் பிரித்துக் கலக்கலாம். தண்ணீர் ஒரு மாட்டுக்கு 80 லிட்டருக்குக் குறையாமல், நிழலில் உள்ள தொட்டியில் எந்நேரமும் கிடக்கட்டும். வெயிலில் கொதித்த தண்ணீரை மாடு மோந்து பார்த்துவிட்டு விலகிவிடும்.

இனி இடிமழை. அறிவிப்பு வந்த நாளில் மூன்று மணிக்கே ஆடு மாட்டை மரத்தடியிலிருந்து கொட்டகைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பகலில் வேப்பமர நிழல் அருமையானது, ஆனால் மேகம் கட்டிவிட்டால் தனியாக நிற்கும் வேம்பு, புளி, பனை எதன் அடியிலும் கட்டக் கூடாது. மரத்தில் இறங்கும் மின்னல் தரையில் பரவும். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால், ஒரு கால் வழியாக ஏறும் மின்சாரம் நெஞ்சைக் கடந்துதான் மறு கால் வழியாக இறங்கும். ஒரே மரத்தடியில் நாலைந்து உருப்படி மொத்தமாகச் சாய்வது இதனால்தான். கொட்டகையிலும் இரும்புத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டாமல், மரமுளையில் கயிற்றால் கட்டுங்கள். தகரம் பறக்காமல் ஊக்குகளை இன்றைக்கே முடுக்கிவிடுங்கள். போனில் தாமினி செயலி இருந்தால் அக்கம்பக்கம் மின்னல் விழுவதை முன்கூட்டியே காட்டும். அப்படியும் மின்னலில் ஓர் உயிர் போய்விட்டால், புதைப்பதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள். பரிசோதனைச் சான்று இல்லாமல் நிவாரணம் வாங்குவது சிரமம். 2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண விதிப்படி கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று இருந்தது.

சரி, சோளத்துக்கு வருகிறேன். தண்ணீரில்லாமல் குன்றிய சோளத்தில் சயனைடு நச்சு சேர்ந்திருக்கும். மழை பெய்ததும் வரும் இளந்துளிரில் அது இன்னும் கூடுதல். பச்சைப்பசேல் என்று இருக்கும், பசித்த மாடு ஆவலாக மேயும், கால் மணி, அரை மணிக்குள் தள்ளாடி விழும். மூச்சுத் திணறும், வாயில் நுரை வரும், கண்ணின் உள்சவ்வு இரத்தச் சிவப்பாக இருக்கும். உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் செய்யுங்கள். நரம்பில் போட மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரம் மிகக் குறைவு. இந்தப் பயிரைக் காப்பாற்ற ஒரே வழி, மழைக்குப் பிறகு வளரவிட்டுப் பூத்த பின் அறுப்பதுதான். அப்போதும் வெயிலில் நன்றாக உலர்த்தித் தட்டையாகவே போடுங்கள். வெள்ளாடு வேலி தாண்டும், அடைப்பைப் பலமாக்குங்கள்.

ஆடுகளுக்கு இன்னொன்றும் உண்டு. முதல் மழைக்குப் பின் முளைக்கும் புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய் வரும். தடுப்பூசி வேலை செய்ய இரண்டு வாரமாவது ஆகும் என்பதால் இப்போதே போடுங்கள். மேய்ச்சலுக்கு விடுமுன் கொஞ்சம் காய்ந்த தீவனம் கொடுங்கள். மாடுகளுக்குத் தொண்டை அடைப்பான் ஊசியும் அதே சமயம் போட்டுக்கொள்ளலாம்.

கன்று போட்டு இரண்டு மாதமான மாடு சினைப்பருவத்துக்கு வரும் நேரம் இது. புழுக்கத்தில் அடையாளம் மங்கலாகத் தெரியும், கத்துவது குறையும், இரவில் வந்து போய்விடும். படுக்கப் போகுமுன் ஒரு தடவை, விடிகாலை ஒரு தடவை வழும்பு (சளி போன்ற திரவம்) வடிகிறதா என்று பாருங்கள். சினை ஊசியை விடிகாலையிலோ பொழுது சாய்ந்தோ போடச் சொல்லுங்கள், போட்டுவிட்டு வெயிலில் நடத்திக் கூட்டிவராதீர்கள்.